இரண்டாம் மாடிக்கு ஏறிய வெள்ளம்

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஆய்வகத்தின் தரைத்தளம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. ஜெனரேட்டர் போனது. இரண்டு மைக்ரோஸ்கோப் போயின. நூலகத்தில் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறி உப்பிப்போயின. எங்கள் காசநோய் ஆய்வின் படிவங்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவை இரண்டாம் மாடியில், என் அறை வாசலில் இருந்த கோத்ரெஜ் பீரோவுக்குள் ஒரு பொட்டு ஈரம்கூடப் படாமல் இருந்தன. சாவி என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

2018இல் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி அந்த ஆய்வின் தரவைக் கேட்டு எழுதினார். வெள்ளத்தில் போய்விட்டது என்று பதில் போட்டேன்.

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் இந்தப் பொய்க்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதுதான். சொல்லும்போது நடுநடுவே எனக்கு நானே வக்கீலாகிவிடக்கூடும். படிப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு 2011இல் தொடங்கியது. காசநோயும் சர்க்கரையும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. புதிதாகக் காசநோய் கண்டவர்களிடம் மாத்திரை தொடங்கும் நாளில் ஒருமுறை ரத்தம் எடுப்போம். இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை. உடம்பின் அழற்சியைக் காட்டும் சில புரதங்களை அதில் அளப்போம். மருந்து ஏற ஏற அந்த அளவுகள் இறங்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது மெதுவாக இறங்குகிறதா?

இரண்டு மாதம் என்று படிவத்தில் அச்சடித்துவிடலாம். வருகிறவர்கள் அறுபதாம் நாளைப் பார்த்தா வருவார்கள்? ஆடி மாதக் கூழ் ஊற்றல் இருக்கும், சாவு இருக்கும், கூலி கிடைக்கும் நாளாக இருக்கும். ஒருவர் ஐம்பதாம் நாள் வருவார், இன்னொருவர் எண்பதாம் நாள். ஆகவே புரதம் எவ்வளவு குறைந்தது என்பதை நடுவில் கழிந்த நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டோம். எங்கள் கட்டுரையின் அச்சாணி அந்த வகுத்தல்தான். நாள் தப்பினால் எல்லாம் தப்பும்.

இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அம்மாவை நினைவிருக்கிறது. இரண்டாம் முறை ரத்தம் எடுக்க வந்தபோது வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். "ஒரு வாட்டி எடுத்தீங்களே சார், அது பத்தலையா?" என்று கேட்டார். "உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கு உதவும்மா" என்றேன். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்மதப் படிவத்தில் கைநாட்டு வைத்தார்.

அந்தச் சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதியவன் நான்தான். ஒன்பதாவது வரி: "என் பெயர், முகவரி நீக்கப்பட்ட தகவல்களை மற்ற ஆராய்ச்சியாளர்களுடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கிறேன்." நெறிமுறைக் குழு அதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் ஒப்புதல் தந்தது. அந்த வரியைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது.

2014இல் கட்டுரை வெளிவந்தது. கடைசிப் பக்கத்தில், நன்றியுரைக்குக் கொஞ்சம் மேலே, எல்லாரும் எழுதுகிற அதே வாக்கியத்தை நானும் எழுதினேன்: தரவு வேண்டுவோர் ஆசிரியரிடம் கேட்டால் தரப்படும். கல்யாணப் பத்திரிகையில் "தங்கள் நல்வரவை நாடும்" என்று போடுவது மாதிரி. அதை நம்பி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நான்கு வருடம் யாரும் கேட்கவுமில்லை.

பிறகு அந்த மாணவி கேட்டார். இதே மாதிரியான ஆய்வுகளைப் பல நாடுகளிலிருந்து திரட்டி, ஒவ்வொரு நோயாளியின் எண்களையும் ஒன்றாகச் சேர்த்து ஆராயப் போவதாக எழுதியிருந்தார். தனித்தனியாக எங்கள் ஆய்வுகள் சிறியவை. நூறு பேர், நூற்றைம்பது பேர். சேர்த்தால்தான் சர்க்கரையின் தாக்கம் வயதைப் பொறுத்ததா, எடையைப் பொறுத்ததா என்றெல்லாம் பிரித்துப் பார்க்க முடியும். கடிதம் பணிவாக இருந்தது. கேள்விகள் கச்சிதமாக இருந்தன. எந்தெந்தக் கட்டங்கள் வேண்டும் என்று ஒரு சின்னப் பட்டியலையும் இணைத்திருந்தார்.

அன்று இரவே கணினியில் அந்த ஆய்வின் ஃபோல்டரைத் திறந்தேன். இதை ஒளிக்கக் கூடாது. திறந்தேன், கொடுக்கும் எண்ணத்தோடுதான் திறந்தேன்.

உள்ளே பதினான்கு எக்செல் கோப்புகள். ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் நியூ, ஃபைனல் சார் கரெக்‌ஷன், அதற்கும் பின் தேதியிட்டு வெறும் "புக் 1". கட்டுரையின் இரண்டாம் அட்டவணை எதிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. கட்டுரையில் 118 பேர் என்று போட்டிருந்தேன். ஒரு கோப்பில் 121 பேர் இருந்தார்கள், இன்னொன்றில் 116. எந்த மூவரை எதற்காக எடுத்தேன்? புரதம் அளக்கிற தொண்ணூற்றாறு குழித் தட்டில் எந்தக் குழியில் யாருடைய ரத்தம் என்ற வரைபடம் ஒரு நோட்டில் இருந்தது. இயந்திரம் கக்கிய மூல எண்கள் எங்கும் இல்லை. நடுவில் அந்தக் கணினியை ஃபார்மட் செய்திருந்தோம். ஒரு கோப்பில் பதினொரு வரிசைகளுக்கு மஞ்சள் அடித்திருந்தது. அடித்தது நான். ஏன் அடித்தேன் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

இரண்டு மாலைகள் உட்கார்ந்து பார்த்தேன். என் கட்டுரையின் எண்களை என்னாலேயே திரும்பக் கொண்டுவர முடியவில்லை. ஊர் பேர் தெரியாத யாரோ செய்து பார்த்து வரவில்லை என்றால் அவருக்குப் பக்குவம் போதாது என்று சொல்லிவிடலாம். சமைத்தவனுக்கே அந்தக் குழம்பு மறுபடி வரவில்லை என்றால்?

மூன்றாம் நாள் பதில் எழுதினேன். நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காப்பது எங்கள் கடமை, ஆகவே தர இயலாமைக்கு வருந்துகிறேன்.

அந்தரங்கம் ஒன்றும் போலிச் சாக்கு இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். இருநூறு வீடுள்ள ஊரில் நாற்பத்தொரு வயது, பெண், காசநோய், சர்க்கரை என்றால் பெயரே வேண்டாம், ஆளைத் தெரிந்துவிடும். காசநோய் வந்த வீட்டில் பெண் எடுக்கத் தயங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உலக அளவிலும் இதில் காயங்கள் உண்டு. 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து அவரைக் கேட்காமல் எடுத்த செல்கள்தான் ஹீலா. 2013இல் ஹைடல்பர்க் ஆய்வகம் ஒன்று அந்தச் செல்லின் முழு மரபணுத் தொகுதியையும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டது. குடும்பத்தை அப்போதும் யாரும் கேட்கவில்லை. எதிர்ப்பு வந்ததும் விலக்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அந்தத் தரவு யாருக்குப் போகலாம் என்று பார்க்கிற குழுவில் லாக்ஸ் குடும்பத்தார் இருவருக்கு இடம் கிடைத்தது.

அந்தக் குடும்பம் அழுத அழுகையின் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன். என் நோயாளிகள் ஒன்பதாவது வரியில் சம்மதம் கொடுத்திருந்தார்கள். கைநாட்டு வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

மாணவி விடவில்லை. பெயர், ஊர் எதுவும் வேண்டாம், தேதிகள்கூட வேண்டாம், முதல் ரத்தத்துக்கும் இரண்டாம் ரத்தத்துக்கும் நடுவே எத்தனை நாள் என்று தந்தால் போதும் என்று எழுதினார். அந்த "எத்தனை நாள்" என்ற கேள்வியில் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. தப்பு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் மூடி வைத்த பாத்திரத்தைத் திறக்காமலே ஊசிப்போனது தெரியுமே, அப்படி.

அப்போதுதான் வெள்ளம் நினைவுக்கு வந்தது. எவ்வளவு வசதியான வெள்ளம்! உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. யாரும் சரிபார்க்க மாட்டார்கள். ஆறுதல்தான் சொல்வார்கள். சொன்னார். "உங்கள் உழைப்பு இப்படிப் போனது அறிந்து மிகவும் வருந்துகிறேன், உங்கள் ஊர் மீண்டு வரட்டும்" என்று அந்தப் பெண் எழுதிய மின்னஞ்சல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதை அழிக்கக் கையும் வரவில்லை, திரும்பப் படிக்கக் கண்ணும் வரவில்லை.

பள்ளியில் படிக்கும்போது உ.வே.சா.வின் "என் சரித்திரம்" படித்து யார் யார் மேலோ கோபப்பட்டிருக்கிறேன். கரிவலம்வந்தநல்லூரில் அவர் ஏடு தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டோம் என்று சொன்ன கோயில்காரர்கள் மேல்; பரணில் செல்லரிக்க விட்டுவிட்டு, கேட்டால் இல்லை என்றவர்கள் மேல். அவர்களில் சிலராவது அறியாமல் செய்தார்கள். நான் முனைவர் பட்டம் வாங்கியவன்.

இதைவிடக் கூச்சமான ஒன்று இருக்கிறது. 2022இல் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர்களுக்கான பயிலரங்கு. "திரும்பச் செய்தால் அதே விடை வர வேண்டும்" என்ற பொருளில் பேச என்னைத்தான் அழைத்தார்கள். ஒன்றேகால் மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைவு.

டியூக் பல்கலைக்கழகக் கதையைச் சொன்னேன். புற்றுநோய்க் கட்டியின் மரபணுக்களைப் பார்த்து, யாருக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்றார்கள் அங்கே. அதை நம்பி நோயாளிகள் மேல் சோதனையே தொடங்கிவிட்டது. கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் உட்கார்ந்து அந்தக் கணக்கைத் துப்பறிந்தார்கள். மரபணுப் பெயர்கள் அட்டவணையில் ஒரு வரிசை தள்ளிப் போயிருந்தன. மருந்துக்குப் படியும் செல், படியாத செல் என்ற அடையாளங்கள் சில இடங்களில் தலைகீழாக இருந்தன. 2009இல் எழுதினார்கள். சோதனைகள் ஒரேயடியாக நின்றது 2010இல்தான். "ஒரே ஒரு வரிசை!" என்று விரலைத் தூக்கிக் காட்டினேன். மாணவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

2021 டிசம்பரில் முடிந்த புற்றுநோய் ஆய்வு மறுபரிசோதனைத் திட்டத்தைச் சொன்னேன். பேர்பெற்ற 53 கட்டுரைகளிலிருந்து 193 பரிசோதனைகளைத் திரும்பச் செய்யக் கிளம்பினார்கள். எழுதியவர்களைக் கேட்காமல், கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பச் செய்யக்கூடியது அந்த 193இல் ஒன்றுகூட இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பரிசோதனைகளுக்கு எழுதியவர்கள் உதவவில்லை, அல்லது பதிலே போடவில்லை. கடைசியில் 23 கட்டுரைகளின் 50 பரிசோதனைகளோடு முடிந்தது. "பதில் போடாதவர்களை என்னவென்று சொல்வது?" என்று மேடையில் கேட்டேன். போட்ட பதிலையும் பற்றி அன்று யாராவது கேட்டிருக்கலாம்.

கைத்தட்டல் வாங்கிய இடம் எக்செல். செப்டின் வகை மரபணுக்களுக்கு முன்பு செப்ட்1, செப்ட்2 என்றுதான் சுருக்கப் பெயர். எக்செலில் அடித்தால் அது செப்டம்பர் 1, செப்டம்பர் 2 ஆகிவிடும். மார்ச்1 என்ற மரபணு மார்ச் முதல் தேதி ஆகிவிடும். எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் கணக்கெடுத்தார்கள். மென்பொருள் திருந்தவில்லை; 2020இல் மரபணுக்களின் பெயரை மாற்றினார்கள். மனிதனின் மரபணு எக்செலுக்குப் பயந்து பெயரை மாற்றிக்கொண்டது என்றேன். அரங்கு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த நிமிடம் என் ஃபோல்டரில் இதே எக்செல் இதே தேதி வேலையை எனக்கும் செய்து வைத்திருந்தது.

அதைக் கண்டுபிடித்தது நானில்லை. 2023இல் இளநிலை ஆராய்ச்சியாளராக (ஜே.ஆர்.எஃப்.) சேர்ந்த ஒரு பெண். புது ஆய்வுக்கு எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்று கணக்குப் போடப் பழைய எண்கள் வேண்டியிருந்தன. வேறு வழியில்லாமல் ஃபோல்டரைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மடிக்கணினியோடு வந்து நின்றார்.

"சார், இந்த மஞ்சள் என்ன?"

"ஏதோ டேட்டா சரியில்லம்மா. அனாலிசிஸ்ல எடுத்துட்டோம்."

"சரியில்லன்னா... என்ன சார் சரியில்ல?"

பதில் இல்லை. பீரோ சாவியை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான். அதிலும் பாதி, அந்தப் பெண் போய்விட்டால் தேவலை என்ற எண்ணத்தில் செய்தது.

சாயங்காலம் ஒரு படிவத்தோடு திரும்பி வந்தார். முதல் ரத்தம் 30/07/12. இரண்டாம் ரத்தம் 01/10/12. ஜூலை 30, அக்டோபர் 1. நடுவில் 63 நாள், எந்தக் குறையும் இல்லை. கோப்பிலோ இரண்டாம் தேதி 2012 ஜனவரி 10 என்று இருந்தது. கழித்தால் மைனஸ் 202. மாத்திரை தொடங்குவதற்கு 202 நாள் முன்பே இரண்டாம் ரத்தம் கொடுத்துவிட்ட நோயாளி.

மஞ்சள் ஏன் என்று அப்போது நினைவு வந்தது. நாள் மைனஸில் போனவர்களுக்கு மஞ்சள் அடித்தேன், படிவத்தை எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்ற அடையாளத்துக்காக. சரிபார்க்கவில்லை. கருத்தரங்கத்துக்குச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள். மஞ்சளைத் தள்ளிவிட்டு மற்றவர்களை வைத்துக் கணக்குப் போட்டேன். கட்டுரையில் "பதிவில் குறைபாடு உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை" என்று ஒரு வரி. படிவத்தில் ஒரு குறைபாடும் இல்லை.

நடந்தது இதுதான். படிவங்களை இரண்டு கணினிகளில் இருவர் பதிவு செய்தார்கள். ஒன்று பழையது, நாள் முதலில், மாதம் பிறகு என்று நம்மூர் வழக்கத்துக்கு மாற்றி வைத்திருந்தோம். மற்றது புதிதாக வாங்கியது. பெட்டியைப் பிரித்த நிலையிலேயே அமெரிக்க வழக்கத்தில், மாதம் முதலில் என்று இருந்தது. அதில் 25/08/12 என்று அடித்தால் இருபத்தைந்தாம் மாதம் கிடையாதே, எக்செல் அதைத் தேதியாக ஏற்காது. கழித்தால் பிழை காட்டும். டேட்டா என்ட்ரி தம்பி அதை மட்டும் மாற்றி அடித்துச் சரி செய்துவிட்டார். நாள் பன்னிரண்டுக்குள் இருந்தால் எக்செல் முணுமுணுக்காமல் விழுங்கிவிடும். மாதம் நாளாகும், நாள் மாதமாகும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கணினியை மேசையில் வைத்து அமைப்பைப் பார்க்காமல் ஒப்படைத்தவன் நான்.

மைனஸில் போனவர்களாவது கண்ணில் பட்டார்கள். படாதவர்கள்தான் ஆபத்து. ஒருவருக்கு செப்டம்பர் 2இல் முதல் ரத்தம், நவம்பர் 3இல் அடுத்தது, 62 நாள். கோப்பில் அது பிப்ரவரி 9, மார்ச் 11 ஆகி 31 நாளாகச் சுருங்கியிருந்தது. நாள் பாதியானால் அவருடைய புரதம் இரட்டை வேகத்தில் குறைந்ததாகக் கணக்கு வரும். அவருக்குச் சர்க்கரை இல்லை. சர்க்கரை இல்லாதவர்களுக்கு வேகமாகக் குறைகிறது என்ற எங்கள் அருமையான முடிவுக்கு அவர் ஒரு தோள் கொடுத்திருந்தார். அவரைப் போல இன்னும் பலர்.

மூன்று வாரம். அந்தப் பெண் படிவத்தைப் பார்த்து வாசிப்பார், நான் திரையில் பார்த்துச் சொல்வேன். மதியத்துக்கு மேல் இடம் மாற்றிக்கொள்வோம். பதினொரு மஞ்சள் வரிசைகளில் ஏழாவது படிவத்தின் கீழே கைநாட்டு இருந்தது. தொழில் என்ற இடத்தில் "இட்லிக் கடை". வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கொடுத்த ரத்தத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

திருத்திக் கணக்கிட்டபோது வித்தியாசம் இளைத்துவிட்டது. முற்றிலும் மறையவில்லை. ஆனால் தற்செயலாகவும் இவ்வளவு வரலாம் என்று ஒதுக்கக்கூடிய அளவுக்குச் சிறிதாகிவிட்டது. அந்த 2014 கட்டுரையைச் சிலர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதை வைத்து யாரும் மருந்தை மாற்றவில்லை, நல்லவேளை. நல்லவேளை என்று சொல்லிக்கொள்வதும் வக்கீல் வேலைதான்.

அப்போதைய துறைத் தலைவர் ஓய்வு பெற்றிருந்தார். கட்டுரையில் அவர் பெயரும் உண்டு என்பதால் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். காப்பி வந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, "பேப்பர் வந்து பத்து வருஷம் ஆகப்போகுது. யாரு கேட்டாங்க இப்ப?" என்றார்.

"கேட்டாங்க சார். நான்தான் இல்லைன்னுட்டேன்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. திருத்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 2024இல் அந்த இதழ் திருத்தத்தை வெளியிட்டது. அதில் தேதிப் பிழையைப் பற்றி எல்லாம் இருக்கிறது. வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தரவைப் பகிரும் வடிவத்துக்குக் கொண்டுவர நான்கு மாதம் ஆனது. செய்த வேலையைச் சொன்னால் இதற்கா நான்கு மாதம் என்பீர்கள். தேதியெல்லாம் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில், 2012-10-01 என்று குழப்பத்துக்கு இடமில்லாமல். நிறத்துக்குத் தடை, ஒருவரை விலக்கினால் ஏன் என்பதற்குத் தனிக் கட்டம், அதில் எழுத்தில் காரணம். ஒவ்வொரு கட்டத்தின் பெயருக்கும் பொருள், அலகு, விடுபட்டால் என்ன குறி என்று ஓர் அகராதிப் பக்கம். மூலக் கோப்பை யாரும் தொடாதபடி பூட்டிவிட்டு, அங்கிருந்து அட்டவணை வரை எல்லாக் கணக்கும் கையால் இல்லாமல் நிரலால். ஊர்ப் பெயரை எடுத்தோம். வயதை ஐந்தைந்தாகத் தொகுத்தோம். ஒவ்வொரு நோயாளியின் தேதிகளையும் ஒவ்வோர் எண்ணிக்கையில் முன்பின்னாக நகர்த்தினோம், நடுவில் உள்ள நாட்கள் மட்டும் மாறாதபடி. அந்த மாணவி கேட்டது அந்த நடுவில் உள்ள நாட்களைத்தான். அவர் கேட்ட அளவுக்கு மட்டும் என்றால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும்.

இந்த நான்கு மாதத்துக்கு எந்த நிதி விண்ணப்பத்திலும் கட்டம் கிடையாது. பதவி உயர்வுப் படிவத்தில் எத்தனை கட்டுரை என்று கேட்பார்கள். எத்தனை கோப்பு திறக்கும் நிலையில் இருக்கிறது என்று இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. விதிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தேடினால் கிடைக்க வேண்டும், எடுக்க முடிய வேண்டும், மற்றதோடு பொருந்த வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும் என்று 2016இல் ஃபேர் நெறிகள் வந்தன. 2021இல் நம் நாட்டு உயிரித் தொழில்நுட்பத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. ஃபரிதாபாத்தில் தரவு மையம் திறந்தார்கள். 2023 ஜனவரியிலிருந்து அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணம் வாங்குகிறவர்கள் தரவைப் பகிரத் திட்டம் எழுதித் தர வேண்டும். எல்லாம் நல்லதுதான். ஆனால் 2018இல் எனக்கு விதி ஒன்றும் குறைவாக இருக்கவில்லை. ஒன்பதாவது வரி இருந்தது. பீரோ இருந்தது. பதினான்கு கோப்புகளை இன்னொருவர் பார்ப்பார் என்ற வெட்கம் இருந்தது.

தரவு தயாரானதும் முதல் வேலையாக அந்த மாணவிக்கு எழுதினேன். பொய் சொன்னதையும் எழுதினேன். நாலு வரியில் முடியவில்லை, ஒரு பக்கம் ஆனது. அனுப்பிய அரை நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு முகவரி இல்லை. படிப்பு முடிந்திருக்கும், பல்கலைக்கழகம் கணக்கை மூடியிருக்கும். செடி கொடி விலங்குகள் பற்றிய 516 பழைய கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் தரவு கேட்டுப் பார்த்து 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: தரவு மிஞ்சியிருக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு 17 சதவீதம் குறைகிறது, ஆசிரியரின் மின்னஞ்சல் வேலை செய்யும் வாய்ப்பு ஆண்டுக்கு 7 சதவீதம் குறைகிறது. பயிலரங்கில் இதற்கும் எனக்கு ஒரு ஸ்லைடு இருந்தது. கேட்கிறவரின் முகவரியும் சாகும் என்பது அதில் இல்லை.

பெயரை வைத்துத் தேடினேன். அவருடைய ஆய்வு 2020இலேயே வெளியாகியிருந்தது. இணைப்பில் ஓர் அட்டவணை, அவர் அணுகிய எல்லா ஆய்வுகளும் வரிசையாக. தரவு கிடைத்ததா, கிடைக்காவிட்டால் என்ன காரணம் என்று கட்டங்கள்; ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே விளக்கம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒரே சொடுக்கில் திறந்தது. எங்கள் வரிசையில், காரணம் என்ற கட்டத்தில், "2015 வெள்ளத்தில் அழிந்தது" என்று இருந்தது. சிலருக்குப் "பதில் இல்லை" என்றும் சிலருக்கு "மறுத்தனர்" என்றும் போட்டிருந்தார். எங்களுக்கு மட்டும்தான் அவ்வளவு மரியாதையான காரணம்.

அந்த வரிசையைத் திருத்த வேண்டும் என்று போன மாதம் அந்த இதழுக்கு எழுதினேன். ஆசிரியர் குழுவிலிருந்து உடனே பதில் வந்தது. தரவு இப்போது கிடைக்கும் என்று குறிப்புச் சேர்க்கத் தயார், பழைய காரணத்தை நீக்கிவிட்டு அந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று தெரிவித்தால் நல்லது என்று கேட்டிருக்கிறார்கள். முப்பது எழுத்துகளுக்குள் இருக்க வேண்டுமாம்.

இன்னும் பதில் எழுதவில்லை.